பெத்ருஸ் என்றால் ராயப்பன்

எங்கள் தெருவில் அப்போது மூன்று ராயப்பன்கள் இருந்தார்கள். கடைக்கார ராயப்பன், பால்கார ராயப்பன், கல்லுடைக்கிற ராயப்பன். மூன்றாமவர் பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் வேலை செய்து முதுகு போனவர். அவருக்கு மஸ்கட்டில் வாட்ச்மேன் வேலை ஒன்று அமைந்தது. காகிதம் கொடுக்கப் போன இடத்தில், பிறந்த தேதிக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் 1961-ல் வீட்டிலேயே பிறந்தவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். நாடு முழுக்கப் பிறப்பு இறப்பைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததே 1969-ல்தான். அது எங்கள் ஊர் வரைக்கும் நடந்து வர மேலும் பல வருஷம் ஆனது. ஆக, இந்த உலகத்தில் அவர் பிறந்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சி, எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டில் ஒரு வரி. கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டோடு போனார். அதே வேகத்தில் திரும்பி வந்தார். சர்டிபிகேட்டில் இருந்த பெயர் 'பெத்ருஸ்'.

"அப்போ நான் யாருங்க சாமி?" என்று பங்குச் சாமியாரின் பங்களா வாசலில் நின்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

சாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெத்ருஸ்னா ராயப்பன். ராயப்பன்னா பெத்ருஸ். உக்காரு."

நான் அப்போது பீடச்சிறுவன், வயது பதினொன்று. காலைப் பூசை முடிந்து, சாமிக்கு வந்திருந்த இட்லியில் பங்கு கிடைக்குமா என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கக் கடிதம் டைப் ஆனதை முழுக்கப் பார்த்தேன். லத்தீனில் பெத்ருஸ் என்பது ஆங்கிலத்தில் பீட்டர், அதையே தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக இராயப்பர் என்று அழைத்து வந்தார்கள், இவரும் அவரும் ஒருவரே என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பெத்ருஸ் என்றால் பாறை என்று பொருளாம். கல்லுடைக்கிறவருக்குப் பொருத்தமான பேர்தான் என்று சொல்லிச் சிரித்தார். ராயப்பன் சிரிக்கவில்லை, கடிதத்தை மடிக்காமல் தினத்தந்தி நடுவில் வைத்து எடுத்துப் போனார். மஸ்கட் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் பங்குச் சாமியைப் பற்றி எழுதச் சொல்லி ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். எல்லோரும் எதிர்பார்ப்பது அவர் கட்டிய கெபி என்கிற குகைக் கோயில், அவர் காலத்துத் தேர்பவனி, அவர் ஓட்டிய ஓசூர்த் தயாரிப்பு டிவிஎஸ் ஃபிஃப்டி. எனக்கு அவரை நினைத்தால் முதலில் வருவது நீள நோட்டும் பென்சிலும்தான். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஊரார் பெயரையெல்லாம் எழுதியே வாழ்ந்தவரின் பெயரை நான் எழுதாமல் விடுவது வேடிக்கைதான்.

அவர் கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தது 1998 ஜூனில். தர்மபுரி மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) கீழ் இருக்கிற திருச்சபைப் பகுதி, பிறந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. 1997 ஜனவரி 24 வரைக்கும் நாங்கள் சேலத்துக்காரர்கள். பங்களா அலமாரியில் 'சேலம் மறைமாவட்டம்' என்று அச்சடித்த லெட்டர்பேடு நூற்றுக்கணக்கில் கிடந்தது. புதிதாக அச்சடிக்க அவருக்கு மனசு வரவில்லை. சேலத்தைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே தர்மபுரி என்று எழுதுவார். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. லெட்டர்பேடு இன்னும் தீரவில்லை. அடியில் இருந்த 'தர்மபுரி மாவட்டம்' என்பதையும் அடித்தார். மறைமாவட்டம் மட்டும் இரண்டு மாவட்டத்துக்கும் ஒன்றாகத் தர்மபுரியிலேயே இருந்ததால், மேலே தர்மபுரி எழுதியிருக்கும், கீழே தர்மபுரி அடித்திருக்கும். அந்த லெட்டர்பேடில் எழுதிய கடிதத்தை நம்பி ஒருவரை வேலைக்குச் சேர்த்தார்கள் என்றால், அது அவர் கையெழுத்தின் அழகுக்காகத்தான் இருக்க வேண்டும்.

பிரசங்கம் சுமார்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. குரல் மெல்லிசு, ஏழு நிமிஷத்துக்கு மேல் போகாது, நடுவில் இரண்டு முறை இருமுவார். மே மாதத் திருவிழா நவநாட்களுக்கு வெளியூர்ச் சாமியார்கள் வந்து மைக் கிழியப் பேசுவார்கள். நம்ம சாமிக்கு ஏன் இப்படி வரமாட்டேங்குது என்று பெரியவர்கள் தேர்க் கொட்டகையில் பேசிக்கொள்வார்கள். பங்குத்தந்தையர்களுக்குப் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னிக்குப் படிப்பே ஏறவில்லையாம், லத்தீனில் திண்டாடித்தான் குருவானாராம். அதைச் சொல்லி அம்மா எங்கள் சாமிக்கு வக்காலத்து வாங்குவாள். ஆனால் எங்கள் சாமிக்கு லத்தீன்தான் நன்றாக வந்தது, தமிழ்ப் பிரசங்கம்தான் வரவில்லை.

அவர் சின்னப் பையனாகக் குருமடத்தில் சேர்ந்தபோது பூசை லத்தீனில். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. இவர் குருப்பட்டம் வாங்கி முதல் பூசை வைத்தபோது எல்லாம் தமிழாகியிருந்தது. "கஷ்டப்பட்டுப் படிச்ச லத்தீன் பூசைக்கு உதவல, ரிஜிஸ்டருக்குத்தான் உதவிச்சு" என்பார்.

அந்த ரிஜிஸ்டர்கள் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சக்ரீஸ்து அறையில் மர அலமாரியில் இருந்தன. ஞானஸ்நான ஏடு, உறுதிபூசுதல் ஏடு, கலியாண ஏடு, மரண ஏடு. பழையவற்றை எழுதியவர்கள் பிரெஞ்சுச் சாமியார்கள். சேலம் மறைமாவட்டம் 1930-ல் உருவானபோது அதன் முதல் ஆயரே பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். ஊதா மை, சாய்ந்த எழுத்து. ஓரத்தை எலி தின்றிருந்தது. மழையில் நனைந்து ஒட்டிப்போன பக்கங்களும் உண்டு. இனி தாங்காது என்று 1999 கோடை விடுமுறையில் நகலெடுக்க ஆரம்பித்தார். அவர் வாசிக்க, நானும் இன்னொரு பையனும் எழுதினோம். கூலி, ஆளுக்கு தினம் ஒரு மாம்பழம். கிருஷ்ணகிரியில் மே மாதத்தில் மாம்பழம் ஒரு கூலியா என்று கேட்காதீர்கள், சாமியார் பங்களாத் தோட்டத்துச் செந்தூரா அது.

'நாத்துஸ்' என்றால் பிறந்தான். 'பாத்ரினுஸ்' என்றால் ஞானத்தகப்பன். 'ஓபியித்' என்றால் இறந்தார். மூன்று வார்த்தையில் ஒரு மனிதனின் கதை முடிந்துவிடும் என்று எனக்குப் பதினொரு வயதில் தெரிந்துபோனது. பெயர்கள்தான் வேடிக்கை. யோவான்னஸ் என்பவர் எங்கள் ஊரில் அருளப்பன். பவுலுஸ் என்ற லத்தீன் பெயருக்குச் சின்னவன் என்று பொருள், அதனால்தான் சின்னப்பர் ஆனார் என்று சாமி சொன்னபோது, எங்கள் ஊரில் ஆறடி உயரத்தில் ஒரு சின்னப்பன் இருந்ததை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். யோசேபுஸ் சூசை. லாசருஸ் தேவசகாயம். 2022-ல் புனிதரான தேவசகாயத்துக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரும் அதுதான், லாசர் என்பதன் தமிழ். இத்தனைக்கும் மேலே 1995-ல் வந்த பைபிள் பொது மொழிபெயர்ப்பில் இராயப்பர் பேதுரு ஆகிவிட்டார், அருளப்பர் யோவான் ஆகிவிட்டார். வாசகத்தில் 'பேதுரு' என்று கேட்ட எங்கள் ஆயா, "யாருடா இவரு புதுசா?" என்று என்னைக் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் பெயரே ராயப்பன்.

பேனாவால் எழுதியது திருச்சபைக்கு, பென்சிலால் எழுதியது எனக்கு என்பது சாமியின் சட்டம். ஏட்டில் ஒரு எழுத்துக்கூட மாற்றமாட்டார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு: 'வீட்டில் கேட்கவும்', 'தாய் பெயர் தவறு?', 'இவர் மத்திகிரிக்குப் போய்விட்டாராம்'. சாயங்காலம் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு அந்தந்த வீட்டுக்குப் போவார். வீடு சந்திப்புக்கு வந்திருக்கிறார் என்று காபி போடுவார்கள். அவர் போனது நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு அம்மா பேரைக் கேட்க. ஆனால் உட்கார்ந்தால் அந்த வீட்டுக் கடன், குடிகாரப் பையன், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பாத மருமகன் என்று எல்லாம் வந்துவிடும். யார் வீட்டில் என்ன என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் இப்படித்தான். வீடு சந்திப்பு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தால் தெரிந்திருக்காது.

மரண ஏடுதான் கஷ்டம். சில மாதங்களில் பக்கம் பக்கமாக 'இன்ஃபான்ஸ்', 'இன்ஃபான்ஸ்'. கைக்குழந்தைகள். ஒரு குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். ஒரே தகப்பன், ஒரே தாய், மூன்று வருஷத்தில் மூன்று அந்தோணி. எந்த அந்தோணி பிழைத்தான் என்று தேட வேண்டும். சாமி அந்த இடங்களில் நிறுத்திவிடுவார். நாங்கள் எழுதி முடித்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். "ம், அடுத்தது" என்பார்.

அந்த வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சாமந்திப் பூவும் மெழுகுவத்தியுமாக ஊரே கல்லறைத் தோட்டத்தில். பூசையில் பிரசங்கத்துக்கு எழுந்தவர் கையில் நகலெடுத்த நோட்டு. பிரசங்கம் இல்லை. 1931-லிருந்து 1940 வரைக்கும் இறந்தவர்கள் பெயரை வாசிக்கப்போகிறேன் என்றார். தகப்பன் பெயரோடு, வயதோடு, ஒன்றன்பின் ஒன்றாக. லத்தீன் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயராக வாசித்தார். முதலில் சலசலப்பு. அப்புறம் ஒரு மூலையில், "எங்க பெரியப்பாரு" என்று ஒரு குரல். "சூசை மகள் ஆரோக்கியம், வயசு 2" என்றபோது எங்கள் ஆயா சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் பிறந்த அக்கா. ஆயாவின் அம்மா சாகும்வரை அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லையாம். நாற்பது நிமிஷம் அந்த மெல்லிய குரலில் வாசித்தார். ஒரு குழந்தைகூட ஓடி விளையாடவில்லை. அடுத்த வருஷம் அடுத்த பத்து. மாற்றலாகிப் போகும்வரை ஆறு வருஷமும் ஒவ்வொரு பத்தாக வாசித்தார். இப்போதெல்லாம் அந்த நாளில் நல்ல பிரசங்கம் நடக்கிறது.

கல்லறைத் தோட்டம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, ஊரில் சிலருக்குப் பிடிக்காது. பழைய ஏடுகளில் சில பக்கங்களில் பெயருக்குப் பின்னால் சாதியும் எழுதியிருந்தது. "இதையும் எழுதணுமா சாமி?" என்று கேட்டோம். "பழைய ஏடு பழைய ஏடாவே இருக்கட்டும், அப்படியே எழுது. புதுசுல நான் எழுதறதில்ல" என்றார். ஏட்டில் இருந்தது தோட்டத்திலும் இருந்தது. மேட்டுப் பக்கம் ஒரு தெருவுக்கு, நடுவில் இன்னொரு தெருவுக்கு, வேலியோரம் காலனிக்கு. அவர் இதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் இருமலில் போயிருக்கும். 2000-ம் வருஷம் ஜூபிலி ஆண்டு என்று சொல்லி, சிலுவையடியிலிருந்து வரிசையாக எண் போட்ட கல் நட்டார். இனி இறக்கிறவர்கள் இறக்கிற வரிசைப்படி. அவ்வளவுதான்.

1-ம் எண்ணுக்கு வந்தவர் காலனிப் பாட்டி ஒருவர். 2-ம் எண் ஊரில் பெரிய வீட்டுத் தாத்தா. அவர்கள் மேட்டுப் பக்கமே குழி வெட்டிவிட்டார்கள். சாமி சண்டை போடவில்லை. மேட்டுப் பக்கம் போய் மந்திரித்து, ஜெபம் சொல்லி, மண் போட்டுவிட்டு வந்து ஏட்டில் எண் 2 என்று எழுதினார். அடுத்து இறந்தவரை 3-ல் வைத்தார். 2-ம் எண் கல் இன்றைக்கும் காலி மண்ணில் நிற்கிறது. அந்த வீட்டார் ஆறு மாதம் கோயிலுக்குச் சந்தா தரவில்லை, ஆயரகத்துக்கு மனுப் போட்டார்கள், தேர் வடத்தைத் தொடவில்லை. சில வருஷம் கழித்து அந்தத் தாத்தாவின் மனைவியே, "என்னை வரிசையில வைங்கப்பா, எனக்குத் தனியா பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறந்தார். அவர் 58-ம் எண். இதனால் ஊரில் சாதி ஒழிந்ததா என்றால், கலியாணப் பேச்சை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

கோயில் கூரை மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு. என் வயதுக்காரர்கள் சிரித்தாலே பல்லின் பழுப்புக் கோடுகளை வைத்து ஊரைச் சொல்லிவிடலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் பல வீடுகளுக்குக் கோயில் தொட்டித் தண்ணீர். குடத்துக்குக் கணக்கு நோட்டு உண்டு, அதையும் அவரே எழுதினார்.

இனி என் மாமா விஷயம். அம்மாவின் தம்பி. ஒரு அரசுத் துறையில் கடைநிலை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். 1999 ஜனவரி 1 அன்று வயது 30-க்குள் இருக்க வேண்டும். மாமாவின் பள்ளிக்கூடக் காகிதம் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. ஞானஸ்நான சர்டிபிகேட் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏட்டில் மாமா பிறந்தது 1968 ஜூன் 12, ஞானஸ்நானம் ஜூன் 23. ஆறரை மாதம் கூடுதல். "எட்டை ஒன்பதாக்கினா போதும் சாமி, ஒரு சுழிதான்" என்று மாமா கெஞ்சினார். அம்மா கெஞ்சினாள். சாமி முடியாது என்றார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றாம் முறை கோபத்தில் ஏட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மாமா அதோடு கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். கொஞ்ச நாள் பெந்தகோஸ்தே சபைக்குப் போனார், அங்கும் நிலைக்கவில்லை. ஓசூரில் கம்பெனி கம்பெனியாகக் கான்ட்ராக்ட் வேலை. "ராயப்பனுக்கு மட்டும் லெட்டர் அடிச்சிக் குடுத்தாரே" என்று குடித்தால் சொல்வார். அதற்குப் பதில் எனக்கும் தெரியாமல் இருந்தது. பேருக்கு வளைந்தவர் தேதிக்கு வளையவில்லை. ஒன்று உண்மை, இன்னொன்று பொய் என்று இப்போது சொல்லலாம். ஆனால் மாமாவின் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களைப் பார்த்தவன் நான். அந்தச் சுழியைப் போட்டிருந்தால் யாருக்கு என்ன போயிருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன், அவர் மேல் அத்தனை பிரியம் இருந்தும்.

2005 மே மாதம் மாற்றல். காலைப் பூசையில் அறிவிப்பு மாதிரிச் சொல்லிவிட்டு, சாயங்காலமே இரண்டு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினார். புதுச் சாமியாரிடம் ஏடுகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியதுதான் அவர் செய்த கடைசி வேலை. பெண்கள் அழுதார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் சால்வை போட்டார்கள். மாமா வரவில்லை.

அவர் இறந்தது 2019-ல், ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில். பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் பூசை முடிந்து, பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கிவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து மூன்று வேன் வந்திருந்தது. மஸ்கட் ராயப்பன் கூட்டத்தின் கடைசியில், வெயிலுக்கு ஒரு தினத்தந்தியைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

போன ஜனவரியில் ஒரு நண்பன் குழந்தைக்கு நான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியிருந்தது. பெங்களூர்ப் பங்கில் என் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டார்கள். ஊருக்குப் போனேன். இப்போதைய பங்குத்தந்தை இளைஞர், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார், இரண்டு நிமிஷத்தில் பிரின்ட் வந்துவிட்டது. பழைய ஏட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா ஃபாதர் என்று கேட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளைப்பங்குப் பூசைக்குப் போய்விட்டார்.

1968-ஐ எடுத்தேன். ஏன் என்று தெரியாது, அல்லது தெரியும். மாமாவின் வரி அப்படியே இருந்தது, மூலப் பிரதியின் பழுப்புத் தாளில். ஓரத்தில் பென்சில். மங்கியிருந்ததால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வாசித்தேன். சாமியின் எழுத்து.

'இதே பெயரில் முன்பு ஒரு பிள்ளை பிறந்து இறந்ததா? அப்படியானால் இவர் பின்னால் பிறந்தவராக இருக்கலாம். மரண ஏடு 1968, 69, 70 பார்த்தேன். இல்லை. தாயிடம் நேரில் கேட்டேன். இல்லை என்கிறார். மறுபடி கேட்டேன். இல்லை.'

போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் நீலக் குறி மட்டும் இருந்தது. அப்புறம் போன் வந்தது.

"எங்கம்மாவையா கேட்டாரு?" என்றார். "ரெண்டு தரமா?"

"ஆமா மாமா."

"கிழவி ஒரு வார்த்தை சொல்லலியேடா எங்கிட்ட."